விமானத் தளங்களில் நடன இசை: இரண்டாம் உலகப் போரில் ஸ்குவாட்ரனேர்ஸும் கிளென் மில்லர் குழுவும்

படைகளோடு இசை சேர்ந்து நடந்த வரலாறு நீண்டது. முரசும் எக்காளமும் ஆணையை அறிவிக்கவும், அணிநடைக்குத் தாளம் தரவும், வெற்றியைக் கொண்டாடவும், மாண்டவர்களை அடக்கம் செய்யும்போது மரியாதை செலுத்தவும் பயன்பட்டு வந்துள்ளன. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் அரச விமானப்படையும் அமெரிக்க ராணுவ விமானப்படையும் அமைத்த நடன இசைக்குழுக்கள் இந்த மரபுக்குள் எளிதில் அடங்குபவை அல்ல. போருக்கு முந்தைய ஆண்டுகளில் நகரத்து நடனக்கூடங்களில் இளைஞர்கள் காசு கொடுத்துக் கேட்டு ஆடிய இசையை, அதை வாசித்துப் பெயர் பெற்ற கலைஞர்களைக் கொண்டே, சீருடையோடு விமானத் தளங்களுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் அவற்றின் பணியாக இருந்தது. வீரர்களுக்கான பொழுதுபோக்கு என்று இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எளிது. அந்த இசையைக் கேட்டவர்களின் வாழ்க்கை எப்படிப்பட்டது, அதை உருவாக்கியவர்கள் எவ்வளவு உழைப்பையும் பிடிவாதத்தையும் அதில் செலுத்தினார்கள் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஒரு வரி போதாது என்பது விளங்கும். அதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நடன இசைக்குழு என்பது அக்காலத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினெட்டுக் கலைஞர்கள் கொண்ட அமைப்பு. சாக்சஃபோன்கள் ஒரு வரிசை, டிரம்பெட்டுகள் ஒரு வரிசை, டிராம்போன்கள் ஒரு வரிசை என ஊதுகருவிகள் பிரிந்து நிற்க, பியானோ, கிட்டார், பெரிய பாஸ் வயலின், டிரம்ஸ் ஆகிய நான்கும் தாளத்தைத் தாங்கின. எந்தக் கருவி எந்த இடத்தில் எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதித் தருபவர் அரேஞ்சர். குழுவின் தனித்த ஒலி பெரும்பாலும் அவருடைய கைவண்ணமே. 1930-களின் நடுவிலிருந்து இக்குழுக்கள் வாசித்த இசை ஸ்விங் எனப்பட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையிலிருந்து பிறந்த இந்த வகையில் அடிப்படைத் தாளம் சீராக நடக்கும். அதன்மேல் வரும் சுரங்கள் தாளத்துக்குச் சற்று முன்னோ பின்னோ விழுந்து, கேட்பவரின் காலைத் தானாக அசைய வைக்கும்.

விமானப்படையினரின் போர் மற்றவர்களின் போரிலிருந்து முக்கியமான ஒரு வகையில் வேறுபட்டது. காலாட்படை வீரரின் உறக்கமும் உணவும் போர்முனையிலேயே நடந்தன. அவர் நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆபத்துக்குள்ளேயே இருந்தார். கிழக்கு இங்கிலாந்தின் வயல்வெளிகளுக்கு நடுவே அமைந்த தளங்களிலிருந்து ஜெர்மனிக்குப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானக் குழுவினரோ விடியுமுன் எழுந்து, சூடான உணவு உண்டு, ஆக்சிஜன் முகமூடி அணிந்து, உறைநிலைக்கு 40 டிகிரி கீழே போகும் குளிரில் 25,000 அடி உயரத்தில் பல மணி நேரம் பறந்து, பீரங்கிக் குண்டுகளையும் எதிரிப் போர்விமானங்களையும் தாண்டி, தப்பியவர்கள் மட்டும் அன்று மாலையே அதே படுக்கைக்குத் திரும்பினர். 1943 அக்டோபர் 14 அன்று ஷ்வைன்ஃபுர்ட் நகரின் பால்பேரிங் ஆலைகளைத் தாக்கச் சென்ற 291 விமானங்களில் 60 திரும்பவில்லை. ஒரு விமானத்துக்குப் பத்துப் பேர் என்று கணக்கிட்டால், ஒரே நாளில் ஏறத்தாழ அறுநூறு கட்டில்கள் வெறுமையாயின. 25 தாக்குதல் பயணங்களை முடித்தால் ஊர் திரும்பலாம் என்று இருந்த வரம்பு 1944-இல் 30 ஆகவும், பிறகு 35 ஆகவும் உயர்ந்தது. போர் முடிந்தபோது இங்கிலாந்திலிருந்து இயங்கிய அமெரிக்க எட்டாவது விமானப்படை 26,000-க்கும் மேற்பட்டவர்களை இழந்திருந்தது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் மாண்டவர்கள் 55,573 பேர். தளத்தில் தங்கியிருந்த தரைப்பணியாளர்களுக்கும் இந்தச் சுமையில் பங்கு இருந்தது. இரவெல்லாம் எஞ்சினைப் பழுதுபார்த்து அனுப்பிவிட்டு, பிற்பகலில் ஓடுபாதையோரம் நின்று திரும்பி வரும் விமானங்களை எண்ணிக்கொண்டிருப்பது அவர்களுடைய அன்றாட வேலையாக இருந்தது.

ஒவ்வொரு காலையும் போருக்குப் போய் ஒவ்வொரு மாலையும் ஏறக்குறைய ஊர் வாழ்க்கைக்குத் திரும்புவது என்ற இந்த முறைக்குத் தனியான ஒரு கொடுமை உண்டு. மனம் எந்த நிலையிலும் தங்க முடியாது; காலையில் போர்வீரராகவும் மாலையில் இருபது வயது இளைஞராகவும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நடன இசை அந்த மாலைக்கு உரியது. விமானத் தளங்களில் ஸ்விங் இசை பெற்ற வரவேற்பை அந்தத் தலைமுறையின் ரசனையை மட்டும் கொண்டு விளக்கினால் பாதியே விளங்கும். மீதியை இந்த இரட்டை வாழ்க்கைதான் விளக்குகிறது.

அந்த மாலைக்குரிய இசையைத் தளங்களுக்கு முதலில் கொண்டுசென்றவர்கள் பிரிட்டிஷார். லண்டனுக்கு மேற்கே அக்ஸ்பிரிட்ஜ் என்னும் இடத்தில் அரச விமானப்படையின் மைய பேண்டு இருந்தது. போர் தொடங்கியதும் தொழில்முறை இசைக்கலைஞர்கள் பலர் அங்கே சேர்க்கப்பட்டனர். புகழ்பெற்ற ஹார்ன் கலைஞர் டென்னிஸ் பிரெய்னும் அவர்களுள் ஒருவர். லண்டனின் முன்னணி நடன இசைக்குழுவாகிய ஆம்ப்ரோஸ் குழுவில் வாசித்த பலரும் அதே வழியில் படையில் சேர்ந்தனர். அவர்களை மையமாகக் கொண்டு அரச விமானப்படை நடன இசைக்குழு உருவாயிற்று. விமான அணியைக் குறிக்கும் ஸ்குவாட்ரன் என்ற சொல்லிலிருந்து பிறந்த ஸ்குவாட்ரனேர்ஸ் என்ற பெயரே மக்களிடம் நிலைத்தது. ஆம்ப்ரோஸ் குழுவில் இருந்த ஜிம்மி மில்லர் சார்ஜென்ட் பதவியில் இதை நடத்தினார். கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் சிஷோம், டிரம்பெட் கலைஞர் டாமி மெக்வாட்டர், பியானோவில் ரானி ஆல்ட்ரிச் போன்றோர் இதில் இருந்தனர். போருக்கு முன்பே ஃபேட்ஸ் வாலர், பென்னி கார்ட்டர் ஆகிய அமெரிக்க ஜாஸ் மேதைகளோடு சேர்ந்து வாசித்தவர் சிஷோம். அத்தகைய ஒருவரைச் சாதாரணப் படைவீரரின் ஊதியத்தில் விமானத் தளத்து உணவுக்கூடங்களில் வாசிக்க வைத்தது போரின் விந்தைகளுள் ஒன்று. சிவில் வாழ்க்கையில் வெவ்வேறு முதலாளிகளின் கட்டுக்குள் இருந்திருக்கக்கூடிய கலைஞர்கள் ஒரே குழுவில் சேர்ந்ததால், பிரிட்டனில் அதுவரை உருவான ஸ்விங் குழுக்களுள் இதுவே மிகச் சிறந்தது என்று இசை விமர்சகர்கள் பலர் மதிப்பிட்டுள்ளனர். டெக்கா நிறுவனம் வெளியிட்ட இவர்களின் இசைத்தட்டுகளைக் கேட்பவர்கள் அந்த மதிப்பீட்டை மறுக்க மாட்டார்கள். இதே காலத்தில் தடுப்பு பலூன்களை இயக்கிய பிரிவிலிருந்து ஸ்கைராக்கெட்ஸ் என்னும் மற்றொரு விமானப்படைக் குழுவும் தோன்றியது.

இக்கலைஞர்களின் தொழில் போருக்கு வெளியே பாதுகாப்பாக இருந்ததாக எண்ண வேண்டியதில்லை. 1941 மார்ச் 8 இரவு லண்டனின் கஃபே டி பாரி விடுதியில் குண்டு விழுந்து, பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த குழுத்தலைவர் கென் ஜான்சன் மேடையிலேயே மாண்டார். அடுத்த மாதம் 17-ஆம் நாள் புகழின் உச்சத்தைக் கண்ட பாடகர் ஆல் பௌலி தம் குடியிருப்பில் குண்டுவெடிப்புக்குப் பலியானார். சீருடை அணிந்தவர்களும் அணியாதவர்களும் ஒரே ஆபத்தின் கீழ் இருந்த காலம் அது.

அமெரிக்கத் தரப்பில் இம்முயற்சி ஒரு தனிமனிதரின் மன உறுதியோடு பிணைந்தது. அயோவா மாநிலத்தில் 1904-இல் பிறந்த கிளென் மில்லர், 1939 முதல் 1942 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளின் சொந்தக்காரர். ரயில் பயணத்தைப் பற்றிய சட்டனூகா சூ சூ என்ற பாடலின் விற்பனைக்காக 1942 பிப்ரவரியில் அவருக்குப் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு வழங்கப்பட்டது. அந்த ஆண்டில் 38 வயதை எட்டிய அவர் கட்டாயப் படைச்சேர்ப்பில் அழைக்கப்படும் வாய்ப்பு குறைவு. கடற்படை அவரை ஏற்கவில்லை; அதன் பிறகு ராணுவத்துக்குத் தாமே கடிதம் எழுதி, படை இசையை நவீனமாக்க உதவ முன்வந்தார். 1942 செப்டம்பர் 27 அன்று நியூ ஜெர்சியின் பசேயிக் நகரில் கடைசி நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு, வாரந்தோறும் பல்லாயிரம் டாலர் ஈட்டிய குழுவைக் கலைத்துவிட்டுக் கேப்டனாகப் பதவியேற்றார். இதைத் தியாகம் என்று புகழ்வது எளிது. அவர் படையிடம் என்ன கேட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். வீரர்களுக்கு எது கிடைத்தாலும் போதும் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. தரைப்படையிலும் விமானப்படையிலும் சிதறிக் கிடந்த முதல்தரக் கலைஞர்களைத் தேடிப் பிடித்து ஒரே குழுவில் சேர்க்க அதிகாரம் வேண்டும் என்றார்.

1943-இல் யேல் பல்கலைக்கழக வளாகத்தில் அந்தக் குழு உருப்பெற்றது. புகழ்பெற்ற சிம்ஃபொனி இசைக்குழுக்களிலிருந்து வந்த ஏறத்தாழ இருபது வயலின் வகைக் கலைஞர்கள் ஒரு பக்கமும், ஜாஸ் குழுக்களிலிருந்து வந்த ஊதுகருவிக் கலைஞர்கள் மறுபக்கமும் அமர்ந்தனர். டிரம்ஸ் கலைஞர் ரே மெக்கின்லி, பியானோ கலைஞர் மெல் பவல், கிளாரினெட் கலைஞர் பீனட்ஸ் ஹக்கோ, அரேஞ்சர் ஜெரி கிரே, பாடகர் ஜானி டெஸ்மண்ட் ஆகியோர் குழுவின் தூண்கள். மில்லரின் சிவில் குழுவிலிருந்தே அடையாளம் காணப்பட்ட ஒலி ஒன்று இங்கேயும் தொடர்ந்தது. மெட்டைக் கிளாரினெட் மேல் ஸ்தாயியில் வாசிக்கும்; டெனர் சாக்சஃபோன் அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே தொடரும்; மற்ற மூன்று சாக்சஃபோன்களும் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஒத்திசைவான சுரங்களால் நிரப்பும். கிளாரினெட்டின் மெல்லிய, சற்றே துளைக்கும் குரலைக் கனமான சாக்சஃபோன்கள் அடியிலிருந்து தாங்குவதால் மெட்டு மிதப்பதுபோல் கேட்கும். ஐந்து பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி ஒரே இடத்தில் விட்டால்தான் இது கைகூடும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் ஒலி கலைந்துவிடும். இந்த ஒழுங்குக்காக மில்லர் கடுமையானவராக இருந்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜார்ஜ் சைமன் இக்கண்டிப்பை மறைக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு கட்டத்தில் குழுவில் மீசை வைத்திருந்த அனைவரும் அதை மழித்துவிட வேண்டும் என்று மில்லர் ஆணையிட்டார். ஊதுகருவியின் வாயை உதட்டில் பொருத்தும் விதத்தில் முடியிழை அளவு மாறினாலும் ஒலி மாறும் என்பதால், ஆண்டுக்கணக்கில் மீசையோடு ஊதிப் பழகிய கலைஞர்களை இது உண்மையாகவே வருத்தியது. இந்த ஆணையில் மில்லர் பக்கம் நியாயம் இருந்ததாகக் கொள்ள இயலாது.

அணிநடை இசையில் அவர் செய்த மாற்றம் பெரிய சர்ச்சையை எழுப்பியது. டபிள்யூ. சி. ஹேண்டி 1914-இல் இயற்றிய செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் என்ற பாடலை அவருடைய குழு படை அணிநடைக்கான இசையாக மாற்றி, மரபான பேண்டு முரசுகளோடு ஸ்விங் தாளத்தையும் கலந்து வாசித்தது. யேலில் பயிற்சி பெற்ற இளம் விமானப்படையினர் அதற்கு உற்சாகமாக நடந்தனர். பழைய மரபில் ஊறிய இசைத்தலைவர்கள் முகம் சுளித்தனர். அமெரிக்க பேண்டு இசையின் மூத்த பெரியவராகிய எட்வின் ஃப்ராங்கோ கோல்ட்மன் வெளிப்படையாகவே கண்டித்தார். டைம் வார இதழ் 1943-இல் இந்த விவகாரத்தை எழுதியது. ஆயினும் குழுவின் பெருமுயற்சி வானொலியிலும் நடன இசையிலும் இருந்ததால், சர்ச்சை ஓய்ந்தபோது மில்லரின் கவனம் அமெரிக்காவை விட்டு ஐரோப்பாவை நோக்கித் திரும்பியிருந்தது.

நார்மண்டிக் கடற்கரையில் படைகள் இறங்கிய மறுநாள், 1944 ஜூன் 7 அன்று, நேச நாட்டுப் படையினருக்கென்றே பிபிசி ஒரு தனி வானொலிச் சேவையைத் தொடங்கியது. அதற்கு இசை வேண்டியிருந்தது. அதற்காக மில்லர் குழுவின் கலைஞர்களும் அறிவிப்பாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் குவீன் எலிசபெத் கப்பலில் வந்து ஜூன் 28-இல் ஸ்காட்லாந்தில் இறங்கினர். லண்டனில் ஸ்லோன் கோர்ட் என்னும் தெருவில் அவர்களுக்கு இடம் தரப்பட்டபோது, வி-1 எனப்படும் ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் நாள்தோறும் நகரின்மேல் விழுந்துகொண்டிருந்தன. மில்லர் அதிகாரிகளை வற்புறுத்தி ஜூலை 2 அன்று குழு முழுவதையும் லண்டனுக்கு வடக்கே 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெட்ஃபோர்டுக்கு மாற்றினார். மறுநாள் காலை அதே ஸ்லோன் கோர்ட்டில் வி-1 விழுந்து, பெரும்பாலும் அமெரிக்கப் படைவீரர்களான எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெட்ஃபோர்டைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது: பிரிஸ்டல் நகரில் நடந்த குண்டுவீச்சிலிருந்து விலகி பிபிசியின் சிம்ஃபொனி இசைக்குழு 1941-இலேயே அங்கே குடியேறியிருந்ததால், ஒலிபரப்புக்குத் தேவையான கூடங்களும் கருவிகளும் தயாராக இருந்தன.

அங்கிருந்து குழு பல வழிகளில் பிரிந்து உழைத்தது. முழுக் குழு ஒரு நிகழ்ச்சி. வயலின்கள் மட்டும் இசைக்கும் நிகழ்ச்சி ஒன்று. மெல் பவல் தலைமையில் சிறிய ஜாஸ் குழு ஒன்று. ரே மெக்கின்லியின் நடனக்குழு ஒன்று. டெஸ்மண்ட் பாடும் நிகழ்ச்சி ஒன்று என்று வாரம் முழுவதும் வானொலி நேரத்தை நிரப்பியது. ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஏறத்தாழ 500 ஒலிபரப்புகளும் 300 நேரடி நிகழ்ச்சிகளும் நடந்தன. நேரடி நிகழ்ச்சிகளுக்காகத் தளங்களுக்குப் போன பயணங்கள் பெரும்பாலும் படை விமானங்களில்தாம்.

விமானக் கொட்டகையில் நடந்த ஒரு கச்சேரியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நான்கு எஞ்சின் விமானம் நிற்கக்கூடிய கொட்டகையின் இரும்புச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அடித்தன, தரை சிமெண்டு, எண்ணெயும் பெட்ரோலும் கலந்த வாடை எப்போதும் இருக்கும். லாரியின் தட்டையான பின்பகுதிகளைச் சேர்த்து நிறுத்தி அல்லது பலகை அடித்து மேடை அமைப்பார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் திரளும்போது கீழே இடம் போதாமல், பழுதுபார்ப்புக்காக நிற்கும் விமானத்தின் இறக்கைமேலும் படிக்கட்டுத் தளங்களிலும் வீரர்கள் ஏறி அமர்ந்தனர். அன்றைய தாக்குதலிலிருந்து திரும்பிய சிலர் கனமான தோல் மேலுடையோடே வந்து நின்றனர். பெரிய கூட்டத்துக்கு நடுவே மெதுவான பாடல் தொடங்கியதும் கூச்சல் அடங்கிவிடும் என்பதைக் குழுவினர் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். நடனம் ஏற்பாடு செய்யப்பட்ட நாள்களில் அருகிலுள்ள ஊர்களிலிருந்து பெண்களைப் படை லாரிகளில் அழைத்து வந்து, நள்ளிரவுக்குள் திருப்பி அனுப்பினர். 1944 ஜூலையில் தர்லி குண்டுவீச்சுத் தளத்தில் தொடங்கிய இப்பயணங்களில், அக்டோபர் 3 அன்று கிங்ஸ் கிளிஃப் போர்விமானத் தளத்தின் கொட்டகையில் நடந்த கச்சேரிக்கு இன்று அங்கே ஒரு நினைவுக்கல் நிற்கிறது. எட்டாவது விமானப்படையின் தளபதி ஜேம்ஸ் டூலிட்டில், வீட்டிலிருந்து வரும் கடிதத்துக்கு அடுத்தபடியாக வீரர்களின் மன உறுதியைக் காப்பது இந்தக் குழுதான் என்று பாராட்டியதாகப் பதிவாகியுள்ளது. இசையைக் கடிதத்தோடு வைத்து எண்ணிய அந்த ஒப்பீடு மிகச் சரியானது. ஊரிலிருந்த இளம்பெண்ணும் தோழனும் அதே பாடலை அதே மாதத்தில் கேட்டிருக்கக்கூடும் என்ற எண்ணம்தான் கேட்பவரை ஊரோடு கட்டியது. தரம் குறைந்த நகல் ஒன்று அந்த வேலையைச் செய்திருக்காது. முதல்தரக் கலைஞர்களே வேண்டும் என்று மில்லர் பிடிவாதம் பிடித்ததன் பொருள் இங்கேதான் முழுமையாக விளங்குகிறது.

வானொலியில் வேறொரு சிக்கல் எழுந்தது. உரத்த பகுதிக்கும் மென்மையான பகுதிக்கும் உள்ள வேறுபாடே மில்லர் இசையின் உயிர். ஆனால் போர்முனையில், இரைச்சலுக்கு நடுவே, எளிய வானொலிப் பெட்டியில் கேட்பவருக்கு மென்மையான பகுதிகள் அறவே கேட்கவில்லை. ஒலியளவு ஒரே சீராக இருக்க வேண்டும் என்று சேவையின் இயக்குநர் மாரிஸ் கோரம் வலியுறுத்த, இசையைச் சிதைக்க முடியாது என்று மில்லர் மறுத்தார். இருவரும் ஒரே வீரரின் நன்மையைத்தான் நினைத்தனர். ஒருவர் அவருடைய காதையும் மற்றவர் அவருடைய ரசனையையும் பார்த்தனர். எதிரிப் படையினரையும் இந்த இசை எட்டியது. நாஜி அரசு ஜாஸை இழிவுபடுத்தியிருந்த நிலையில், 1944 இலையுதிர் காலத்தில் லண்டனின் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜெர்மன் அறிவிப்புகளோடு பதிவான நிகழ்ச்சிகள் ஜெர்மன் வீரர்களை நோக்கி ஒலிபரப்பாயின. டெஸ்மண்ட் அவற்றில் ஜெர்மன் மொழியிலேயே பாடினார். படையினருக்கென்றே தனி வானொலி என்ற அதே கொள்கையில் ஆசியப் போர்முனைக்கென்று கொழும்பிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ சியாக் நிலையத்தின் ஆற்றல்மிக்க ஒலிபரப்புக் கருவி 1949-இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-களில் தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலி அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்குப் படையினருக்காக நிறுவப்பட்ட அந்தக் கருவியும் ஒரு காரணம்.

இவ்வளவு சிறப்புகளுக்கு நடுவே மறைக்கக்கூடாத ஒரு குறை உண்டு. மில்லர் குழுவில் கறுப்பினக் கலைஞர் ஒருவர்கூட இல்லை. அன்றைய அமெரிக்கப் படைகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன, பேண்டுகளும் அப்படியே. இங்கிலாந்தில் அமெரிக்க விமானத் தளங்கள் சிலவற்றை மண் வெட்டி, கான்கிரீட் இட்டு அமைத்தவர்கள் கறுப்பினப் பொறியியல் படைப்பிரிவினர். அவர்கள் உழைத்து அமைத்த ஓடுபாதைகளின் அருகே நடந்த நடனங்களுக்கு அவர்களுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. ஊர்களில் வெள்ளையருக்கு ஓர் இரவு, கறுப்பினத்தவருக்கு வேறு இரவு என்று நடனக்கூடங்கள் பங்கிடப்பட்டன. அங்கே ஒலித்த இசையோ கறுப்பினத்தவர் படைத்தது. செயின்ட் லூயிஸ் ப்ளூஸை இயற்றிய ஹேண்டியும் கறுப்பினத்தவரே. இந்த அநீதியைத் தனியொரு குழுத்தலைவரின் தலையில் சுமத்த முடியாது. என்றாலும், சுதந்திரத்தின் பேரால் இசைத்த குழுவின் வரலாற்றை எழுதும் எவரும் இதை அடிக்குறிப்புக்கு ஒதுக்கக்கூடாது.

பாரிஸ் விடுதலை பெற்றதும் குழுவை அங்கே கொண்டுசெல்ல மில்லர் விரும்பினார். வானொலி நிகழ்ச்சிகள் தடைபடக்கூடாது என்பது நிபந்தனையானதால், அவர்கள் ஆறு வாரங்களுக்குத் தேவையானவற்றை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து வைத்தனர். வழக்கமான வேலையோடு இதுவும் சேர்ந்து அனைவரையும் களைக்க வைத்தது. அதற்குள் மேஜராக உயர்ந்திருந்த மில்லர் ஏற்பாடுகளைக் கவனிக்க முன்னதாகப் புறப்பட்டார். 1944 டிசம்பர் 15 அன்று மூடுபனியும் குளிரும் நிறைந்த பிற்பகலில், பெட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ட்வின்வுட் ஃபார்ம் தளத்திலிருந்து, விமானி ஜான் மார்கன், லெஃப்டினன்ட் கர்னல் நார்மன் பேசெல் ஆகியோரோடு நார்ஸ்மன் ரக ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில் ஏறினார். விமானம் பாரிஸை எட்டவில்லை. இன்றுவரை அதன் சிதைவும் உறுதியாகக் கிடைக்கவில்லை. எஞ்சினின் கார்புரேட்டரில், அதாவது எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பகுதியில், பனி உறைந்து எஞ்சின் நின்றிருக்கலாம் என்பதே ஏற்கத்தக்க விளக்கமாகக் கருதப்படுகிறது. தாக்குதலைக் கைவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் விமானங்கள் கடலில் உதிர்த்த குண்டுகளைக் காரணமாகக் கூறும் கருத்தும் உண்டு. அவர் காணாமற்போன செய்தி டிசம்பர் 24 அன்று வெளியிடப்பட்டது. குழு சில நாள்களுக்கு முன்பே பாரிஸ் சேர்ந்திருந்தது. தலைவரை இழந்த கலைஞர்கள் ஜெரி கிரே, ரே மெக்கின்லி ஆகியோரின் கீழ் மறுநாள் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை வாசித்தனர். அந்த நிகழ்ச்சியை நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நிறுத்தாமல் வாசித்ததை, திரும்பி வராதவரின் கட்டில் அருகிலேயே உறங்கி மறுநாள் மீண்டும் பறந்த விமானக் குழுவினரின் ஒழுங்கோடு சேர்த்து எண்ணுவதே பொருத்தம்.

போர் முடிந்த பிறகு, 1945 ஜூலை 1 அன்று, நாஜிக் கட்சி மாநாடுகள் நடந்த நூரம்பெர்க் மைதானத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரம் நேச நாட்டு வீரர்கள் முன்னிலையில் குழு வாசித்தது. நவம்பர் 13 அன்று வாஷிங்டனில் தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில், குடியரசுத் தலைவர் ட்ரூமனும் தளபதி ஐசனோவரும் கேட்க, கடைசி முறையாக இசைத்துக் கலைந்தது. ஸ்குவாட்ரனேர்ஸ் கலைஞர்களோ சீருடையைக் களைந்த பிறகும் சேர்ந்தே இருந்தனர். கூட்டுறவு முறையில் வருவாயைப் பகிர்ந்துகொண்டு, பின்னர் ரானி ஆல்ட்ரிச்சின் தலைமையில், ராக் இசை நடனக்கூடங்களை நிரப்பத் தொடங்கிய 1964 வரை பிரிட்டனின் கடற்கரை நகரங்களில் வாசித்தனர். சாக்சஃபோன் கலைஞர் கிளிஃப் டௌன்ஷெண்ட் அக்குழுவில் வாசித்தவர். அவருடைய மகன் பீட் டௌன்ஷெண்ட் தி ஹூ என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞரானார். அமெரிக்காவில் ட்ரூமன் 1948 ஜூலை 26 அன்று கையெழுத்திட்ட ஆணை படைகளில் நிறப்பிரிவினையை ஒழிக்க வழி வகுத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், மில்லர் குழுவின் மரபைத் தொடர்வதற்கென்றே அமெரிக்க விமானப்படை ஏர்மென் ஆஃப் நோட் என்ற ஜாஸ் குழுவை அமைத்தது. அக்குழு வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் வாசித்து வருகிறது.